சாட்சியிலிருந்து காணாமல் போன டாக்டர்

பாஞ்சாலிக்கு ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். பாப்பாரப்பட்டியில் ஒரு ஆள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேஷன் கார்டில் பாஞ்சாலி, புளி மண்டியில் பாஞ்சாலி, சபையிலும் பாஞ்சாலிதான். புருஷன் பச்சியப்பனுக்குக் கோபம் வந்தால் கூப்பிடுவது வேறு பெயர், அதை இங்கே எழுத முடியாது.

எட்டாவது வரைக்கும் படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் யாரிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. சபைப் பெண்களில் பாதிப் பேர் மண்டியில் புளி தட்டுகிறவர்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துப் போடும் வேலை. விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும் அந்தக் கூட்டத்தில் பைபிளைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கிறவள் வெகு காலம் அவள் ஒருத்திதான். சின்னப் பெண்களுக்குப் படிப்பு உண்டு. ஆனால் அவர்கள் வாசித்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும். பாஞ்சாலி வாசித்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, அழ வேண்டிய இடத்தில் குரலைத் தழைத்து வாசிப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் குரல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரலுக்கு ஒரு பங்காளி உண்டு. காசியம்மாள். பாஞ்சாலியைவிட ஆறு வயது மூத்தவள், விதவை, ஒரே மகன் மதியழகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் மண்டியில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள். காசியம்மாளுக்கு எழுத்து தெரியாது. வேலை முடிந்து கை கழுவியதும், "எங்க விட்டோம் நேத்து?" என்பாள். பாஞ்சாலி ஒரு அதிகாரம் வாசிப்பாள். அதைக் கேட்காமல் காசியம்மாள் வீட்டுக்குப் போனதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காசியம்மாளுக்குச் சர்க்கரை வந்தது. மாசா மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவாள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்பதுதான் காசியம்மாளுக்குக் குழப்பம். அதற்கும் பாஞ்சாலிதான் வழி கண்டாள். காலை மாத்திரை அட்டையின் முதுகில் பேனாவால் ஒரு சூரியன், ராத்திரி மாத்திரை அட்டையில் ஒரு பிறை. ஒவ்வொரு மாசமும் அட்டை வந்ததும் காசியம்மாள் அதை எடுத்துக்கொண்டு இவள் வாசலுக்கு வந்து நிற்பாள். "போட்டுக் குடுடி" என்பாள். சூரியனுக்குக் கதிர் எத்தனை என்றுகூடப் பாஞ்சாலிக்கு ஒரு கணக்கு உண்டு, எட்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் போன கார்த்திகையில் நிர்மலா வந்து சேர்ந்தாள்.

பெங்களூரிலிருந்து வந்தவள். முப்பத்தெட்டு வயது இருக்கும். புருஷனுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் குடிவந்திருந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில்தான் உட்கார்ந்தாள். சாட்சி சொல்கிற நேரம் வந்தது. இந்தச் சபையில் அது ஒரு வழக்கம், ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நிர்மலா எழுந்தாள்.

"எனக்கு அஞ்சு வருஷம் வலிப்பு இருந்துச்சுங்க. நடுரோட்டுல விழுந்திருக்கேன், அடுப்பு மேல விழுந்திருக்கேன். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஜெபம் பண்ணுனேன். மெல்ல மெல்ல நின்னுச்சு. ரெண்டு வருஷம் வலிப்பே வரல. டாக்டரு டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையக் கொறைச்சு, அப்புறம் நிறுத்திக்கலாம்மான்னு சொன்னாரு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

கூட்டம் அழுதது. நிர்மலா சொன்ன விதம் அப்படி. கையில் பைபிள் இல்லை, காகிதம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பேசினால் வார்த்தை தானாக வந்து விழுந்தது. அன்றைக்குப் பாஞ்சாலி வாசித்த அதிகாரத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வெளியே செருப்புப் போடும்போது காசியம்மாள் சொன்னாள், "என்னா குரலு பாஞ்சாலி அந்தப் பொண்ணுக்கு! உள்ளுக்குள்ள போயி தொடுது."

இருபத்தைந்து வருஷத்தில் இவள் குரலைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை காசியம்மாள் சொன்னதில்லை. பாஞ்சாலிக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்பதைப் பூசி மெழுகிச் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டு மாசத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நிர்மலா கைக்குப் போய்விட்டது. அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை, மற்றவர்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். தலையில் கை வைத்து ஜெபித்தால் தலைவலி போகிறது என்றார்கள். மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறாள் என்றார்கள். மண்டியில் வேலை முடிந்து கை கழுவியதும் "எங்க விட்டோம் நேத்து?" என்கிற கேள்வி வருவது நின்றுபோனது. "இன்னைக்கு நிர்மலா சிஸ்டர் வூட்டுக்குப் போறேன், நாளைக்குக் கேக்கறேன்" என்று காசியம்மாள் கிளம்பிவிடுவாள். அந்த நாளை வரவே இல்லை.

பாஞ்சாலி கண்கொத்திப் பாம்பாக நிர்மலாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். கள்ளப் போதகர்கள் வருவார்கள், ஆட்டுத்தோல் போர்த்துக்கொண்டு வருவார்கள் என்று எத்தனை தடவை வாசித்திருக்கிறாள்! தோலைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். இந்தச் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை, நிர்மலா தலையில் பூ வைக்கிறாள். உதட்டில் லேசாகச் சாயம் மாதிரி தெரிகிறது. செருப்புக்குக் குதிகால் உயரம். ஒவ்வொன்றையும் மண்டியில் ஒவ்வொருத்தி காதிலும் போட்டாள். "பாத்துக்கிட்டே இருங்க, சீக்கிரமே காணிக்கைன்னு கையை நீட்டுவா" என்றாள். நிர்மலா கையை நீட்டவில்லை. தை மாசம் சபைக்குப் பாய் இரண்டு வாங்கிப் போட்டாள், அவ்வளவுதான். மண்டிப் பெண்கள் பாஞ்சாலியைப் பார்த்து ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள்.

வீட்டில் பச்சியப்பனிடம் புலம்பினால் அவன் ஒத்தாசைக்கு வருகிற ஆள் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், கோயிலுக்கும் போகமாட்டான், சபைக்கும் வரமாட்டான்.

"உங்க சாமி ஒண்ணுதானடி? அதுக்கு எதுக்கு ரெண்டு பூசாரி போட்டி போடறீங்க?" என்றான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் போதகரிடம் போய் நின்றாள். போதகர் அறிவழகன் தருமபுரியிலிருந்து ஞாயிறு மட்டும் பஸ்ஸில் வருகிறவர். வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. அளவாகப் பேசும் மனிதர். பாஞ்சாலி பூவில் ஆரம்பித்துச் செருப்பு வரைக்கும் சொல்லி முடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க பேசுன வார்த்தையில என்னம்மா தப்பு?"

பாஞ்சாலி மறுபடியும் பூவிலிருந்து ஆரம்பித்தாள்.

"வேஷத்தப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னா நமக்கு வேதமே தேவையில்லயே. பேசறவங்கள விட்டுட்டு, பேசறத நிதானிச்சுப் பாருங்க. தப்பா ஒரு வார்த்தை வந்தா அன்னைக்கே எனக்கு போன் பண்ணுங்க" என்றார்.

சரி என்று வந்து உட்கார்ந்து வார்த்தையைக் கேட்டாள். கேட்டது பெரிய தொந்தரவாகிவிட்டது, ஏனென்றால் நிர்மலா நன்றாகப் பேசினாள். மன்னிப்பைப் பற்றி அவள் பேசியபோது பாஞ்சாலிக்கே கண்ணீர் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று முந்தானையில் மூக்கைச் சிந்துகிற மாதிரி துடைத்துக்கொண்டாள். ஒரு குற்றமும் அகப்படாத கோபம் அவளுக்கு ராத்திரிச் சோற்றில் உப்பாக இறங்கியது. பச்சியப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சபையில் நிர்மலாவின் பேச்சை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டவள் பாஞ்சாலி ஒருத்திதான். மற்றவர்கள் அழுதார்கள், ஆமென் என்றார்கள், வீட்டுக்குப் போகும்போது மறந்தார்கள். இவள் குற்றம் தேடி, முதல் நாளிலிருந்தே ஒரு வார்த்தை விடாமல் மனதில் பதித்திருந்தாள். அதனால்தான் அந்த டாக்டர் இளைத்துக்கொண்டே போவது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

முதல் தடவை சொன்ன சாட்சியில் டாக்டர் டெஸ்ட் எடுத்தார், பார்த்தார், மாத்திரையைக் குறைத்தார், நிறுத்தச் சொன்னார். பொங்கல் சமயத்தில் மறுபடியும் அதே சாட்சி வந்தது. அதில் "டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு" என்பதோடு அவர் வேலை முடிந்தது. மாசிக் கூட்டத்தில் டாக்டர் வாசலோடு போய்விட்டார், "ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் இனி சம்பந்தமில்லன்னு வந்துட்டேன்" என்றாள் நிர்மலா. ஒவ்வொரு தடவையும் கூட்டம் முன்னைவிட அதிகமாக அழுதது. அழுகை அதிகமாக ஆக, டாக்டர் சின்னவராக ஆனார். நிர்மலா பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லிச் சொல்லி, மக்களுக்குப் பிடித்த இடம் வளர்ந்தது, பிடிக்காத இடம் உதிர்ந்தது. அவளுக்கே இப்போது அந்தக் கதைதான் ஞாபகம் இருந்திருக்கும்.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை டாக்டர் அடியோடு காணாமல் போனார்.

"மாத்திரைய எடுத்து வீசிட்டேன்! அன்னைக்கோட வலிப்பு போச்சு!" என்றாள் நிர்மலா. முகமெல்லாம் கண்ணீர். "ஒரு கையில மாத்திரை, ஒரு கையில விசுவாசம்னு இருந்தா ஆண்டவரு எந்தக் கையப் பிடிப்பாரு? இன்னைக்கு யாருக்கு விசுவாசம் இருக்கோ, உங்க மாத்திரையக் கொண்டாந்து இந்தக் கூடையில வையுங்க."

மேஜைமேல் ஒரு பூக்கூடை. ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். பிரஷர் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை விழுந்தது. மூன்றாவதாகக் காசியம்மாள் போனாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து இரண்டு அட்டையை எடுத்துக் கூடையில் வைத்தாள். அட்டை புரண்டு முதுகு மேலே தெரிய விழுந்தது. எட்டுக் கதிர்ச் சூரியன் ஒன்று, பிறை ஒன்று.

ஒன்பது வருஷம் பாஞ்சாலி போட்ட சூரியன் அது. அதைக் கொண்டுபோய் நிர்மலா காலடியில் வைத்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி வேறொன்று தோன்றியது. அது துக்கம் இல்லை, பயம் இல்லை. சந்தோஷம். அகப்பட்டுக்கொண்டாள்! போதகர் ஐயா கேட்ட தப்பான வார்த்தை இதோ, எல்லோர் முன்னாலும், கூடையோடு!

அன்றைக்கே போன் பண்ணுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பாஞ்சாலி பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகரே வந்து, "என்னம்மா, வார்த்தையக் கேக்கறீங்களா?" என்றார்.

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அவள் கணக்கு இதுதான். இப்போது சொன்னால் ஐயா நிர்மலாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்வார். நிர்மலா அழகாக அழுது மன்னிப்புக் கேட்பாள். அதற்கும் கூட்டம் உருகும். அப்புறம் அவள் இன்னும் பெரிய ஆளாகிவிடுவாள். அது வேண்டாம். ஒரு வாரம் போகட்டும், இரண்டு வாரம் போகட்டும். காசிக்காவுக்குச் சர்க்கரை ஏறும், லேசாகத் தலை சுற்றும், மண்டியில் நாலு பேர் பார்க்க மயங்கி உட்காருவாள். அப்போது இவள் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அன்னைக்கே நெனைச்சேன்" என்பாள். காசியம்மாள் இவள் மடியில் தலை வைத்து அழுவாள். இதை மனதில் ஓட்டிப் பார்த்தபோது அவளுக்கு இனிக்கக்கூடச் செய்தது.

காசியம்மாள் மயங்கி விழவில்லை. மாத்திரை விட்ட பிறகு உடம்பு காற்று மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். குடத்தண்ணீர் குடித்தாள், அடிக்கடி ஒதுங்கப் போனாள். அவள் வீட்டுக் கழிவறையில் எறும்பு மொய்க்கிறது என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். சர்க்கரை ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம், பாஞ்சாலிக்குத் தெரியும். தெரிந்தும் புளியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை காலை. மண்டியில் எப்போதும் புளிப்பு வாடைதான், மூக்கு அதற்குப் பழகிக் கிடக்கும். அன்றைக்கு அந்தப் புளிப்புக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. பாஞ்சாலி சாக்கை நகர்த்திப் பார்த்தாள். செத்த எலியா என்று குனிந்தாள். காசியம்மாளின் வலது காலில் பழைய துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா இது?"

"புளி ஓடு குத்திருச்சு. ஒரு வாரம் இருக்கும். வலியே இல்ல போ."

பாஞ்சாலி துணியை அவிழ்த்தாள். கடைசி இரண்டு விரல் கறுத்திருந்தது. புளிக் கறை இல்லை அது.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே."

"மூணு மணிக்குக் கூட்டம் இருக்குல்ல. சிஸ்டர் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவாங்க."

"அக்கா, அவ சொல்றது தப்புக்கா. மாத்திரைய விடச் சொல்றது வேதத்துல இல்ல. சீக்குல கெடந்த ராஜாவுக்கே தீர்க்கதரிசி வந்து அத்திப்பழத்த அரைச்சுப் புண்ணுல வெச்சுக் கட்டச் சொன்னாரு, நான்தான் உனக்கு வாசிச்சேன், ஞாபகம் இல்லயா?"

காசியம்மாள் துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினாள்.

"பூ வெச்சா தப்புன்ன. செருப்பு தப்புன்ன. காசு கேப்பான்ன, கேக்கல. இப்ப இது தப்புங்கற. உனக்கு அவ மேல பொறாமை பாஞ்சாலி. மண்டிக்கே தெரியும். அதுக்கும் ஜெபம் பண்ணச் சொல்றேன் இரு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். பாஞ்சாலி சொன்னது நிஜம், காசியம்மாள் சொன்னதும் நிஜம். பூவிலும் செருப்பிலும் தன் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பையெல்லாம் இறைத்துவிட்டாள். இப்போது ஒரு விரலைக் காப்பாற்றக்கூட அது மிச்சம் இல்லை.

போதகருக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. பச்சியப்பனுக்குச் செய்து, மூன்று மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து சபை வாசலில் நிறுத்தச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டான். "நிறுத்துய்யா" என்றாள்.

கூட்டத்தில் பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்ததும் பாஞ்சாலி எழுந்தாள். இவள் எதையாவது கிளப்பப்போகிறாள் என்று வரிசையில் ஒரு முனகல் ஓடியது. நிர்மலா மட்டும் புன்னகையோடு, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"எனக்குப் பொறாமை" என்றாள் பாஞ்சாலி.

முனகல் நின்றது.

"சிஸ்டர் மேல எனக்குப் பொறாமை. வந்த நாள்லருந்து. காசிக்காவ அவங்க என்கிட்டருந்து இழுத்துக்கிட்டாங்கன்னு. அதனாலதான் பூவச் சொன்னேன், செருப்பச் சொன்னேன். எல்லாம் பொறாமையில சொன்னது. இன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி இந்தக் கூடையில மாத்திரை விழுந்தப்பவே அது தப்புன்னு எனக்குத் தெரியும். சொல்லல. காசிக்கா மயங்கி விழட்டும், சிஸ்டரோட மானம் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப அவ கால் அழுகுது."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. காசியம்மாள் மெல்லத் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தாள்.

பாஞ்சாலி நிர்மலாவைப் பார்த்தாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. நீங்க மொத மொத சாட்சி சொன்னப்ப அதுல ஒரு டாக்டர் இருந்தாரு. டெஸ்ட் எடுத்துப் பாத்தாரு, மாத்திரையக் கொறைச்சாரு, அவருதான் நிறுத்தச் சொன்னாரு. அந்த டாக்டர் எங்க போனாரு?"

நிர்மலாவின் புன்னகை அப்படியே நின்றது. எப்போதும் தானாக வந்து விழுகிற வார்த்தை அன்றைக்கு வரவே இல்லை. மறைக்கலாம் என்று அவள் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம், அந்தக் கூட்டம் அவளைத்தான் நம்பியிருக்கும். அதற்காகவாவது அவளைப் பாராட்ட வேண்டும்.

"இருந்தாரு" என்றாள் நிர்மலா, தரையைப் பார்த்து. "ரெண்டு வருஷம் பாத்துட்டு அவருதான் நிறுத்தச் சொன்னாரு. நானா... வீசல." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "எப்ப அப்படிச் சொல்ல ஆரம்பிச்சேன்?" என்றாள்.

காசியம்மாள் எழுந்தாள். நிர்மலா பக்கம் போகவில்லை. கூடையருகில் போய் நின்று, பிறகு பாஞ்சாலியிடம் வந்தாள்.

"ரெண்டு வாரமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"எறும்பச் சொன்னப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

காசியம்மாள் நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற லோடு ஆட்டோவில் முன்னால் பச்சியப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பாஞ்சாலி பின்னால், காலிச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து தருமபுரி வரைக்கும் போனாள்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மதியழகன் ஓசூரிலிருந்து வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். மற்ற நாளெல்லாம் பாஞ்சாலிதான். கஞ்சி ஊட்டினாள், தட்டுக் கழுவினாள், ஒதுங்கக் கூட்டிப் போனாள். காசியம்மாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை. அந்த ஞாயிறு போதகர் சபையில் ராஜாவின் புண்ணையும் அத்திப்பழத்தையும் பற்றித்தான் பேசினாராம். சாட்சியில் ஆண்டவரைப் பெரிசாக்க எதையும் மறைக்க வேண்டியதில்லை என்றாராம். நிர்மலா அன்றைக்கு வரவில்லையாம்.

ஆறாம் நாள் சாயங்காலம் பாஞ்சாலி பைபிளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டாள்.

"எங்க விட்டோம்னு எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றாள்.

"வாசிக்க வேணாம்" என்றாள் காசியம்மாள். ஆறு நாளில் அதுதான் முதல் பேச்சு. "சிஸ்டருக்கு போன் பண்ணு. வந்து ஜெபம் பண்ணச் சொல்லு. அவ ஜெபம் பண்ணா எனக்கு மனசு லேசாவுது."

விரல் போயும் இவளுக்கு அவள்தான் வேண்டியிருக்கிறதா என்று பாஞ்சாலிக்குப் பழைய இடத்திலேயே பற்றி எரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். அது எங்கேயும் போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நம்பரை அழுத்தினாள்.

மறுநாள் நிர்மலா வந்தாள். தலையில் பூ இல்லை. அதைப் பார்த்துப் பாஞ்சாலிக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. நிர்மலா கட்டிலருகில் வந்து நின்றாள். பிறகு ஜெபித்தாள். பாஞ்சாலி கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, ஓட்டையும் நாரையும் பார்ப்பது மாதிரி பார்த்தாள். நிர்மலா டாக்டருக்காக ஜெபித்தாள், ஊசி போடும் பெண்ணுக்காக ஜெபித்தாள், மாத்திரைக்காக ஜெபித்தாள், தன் வாயை மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அழகான ஜெபம். அதுதான் பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் ஆமென் என்றாள், சத்தமாகவே.

காசியம்மாள் தலைமாட்டிலிருந்து புது மாத்திரை அட்டை இரண்டை எடுத்தாள். "இதுல எது காலைக்குன்னு தெரியல" என்றாள். நிர்மலா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"நான் குறிச்சுத் தர்றேம்மா."

"குடு இங்க" என்று பாஞ்சாலி பேனாவைப் பிடுங்கினாள். "அது என் வேலை."

காசியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் அட்டையைப் பாஞ்சாலியின் கையில் வைத்தாள், ஆனால் தன் விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.

"போட்டுக் குடு. ஆனா இனிமே ஏதாச்சும் தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே கத்துடி. பொறாமையில கத்துனாலும் பரவால்ல. கத்து."

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு சூரியனை வரைந்தாள். ஐந்து கதிர் போடுவதற்குள் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது. மீதி மூன்றை எங்கே போடுவது என்று தெரியாமல் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.